பீரியட்ஸ் நின்னா ப்ரெப் நல்லா போகுதுன்னு யார் சொன்னது? ஃபிசீக் போட்டிக்கு தயாராகுற பெண்களோட டயட்டும் ஹார்மோனும்

பாடிபில்டிங் மேடைல ஃபிசீக், ஃபிகர், பிகினி, வெல்னஸ்னு எந்த கேட்டகரியா இருந்தாலும் சரி, போட்டிக்கு தயாராகுற (அதைத்தான் ப்ரெப்னு சொல்வாங்க) பெண்கள் கிட்ட கொஞ்ச நேரம் பேசினா ஒரு விஷயம் ரொம்ப சாதாரணமா வந்து விழும். "ரெண்டு மூணு மாசமா பீரியட்ஸ் வரல, ஷோ கிட்ட வந்தா அப்படித்தான்." சில கோச்சுங்க ஒரு படி மேல போய், பாடி சரியா லீன் ஆகுது, கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம், கவலைப்படாதன்னு சொல்லி விட்டுடுறாங்க. எனக்கு இதை கேக்கும்போதெல்லாம் கோவமா வரும். ஏன்னா பீரியட்ஸ் நிக்குறது உடம்பு லீன் ஆனதுக்கான சான்றிதழ் கிடையாது, உயிரோட இருக்க தேவையான வேலைக்கே சக்தி பத்தலன்னு மூளை எடுத்த முடிவு அது. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுது, ஷோ முடிஞ்ச அப்புறமும் ஏன் சீக்கிரம் மாறாதுங்கிறத பத்தி ஆராய்ச்சி நிறைய இருக்கு, ஆனா ஜிம்முக்குள்ள அது இன்னும் சரியா வந்து சேரல.

முதல்ல போட்டியோட பின்னணி கொஞ்சம். பெண்களுக்கான பாடிபில்டிங் போட்டியான மிஸ் ஒலிம்பியா 1980ல ஆரம்பிச்சது, முதல் பட்டம் ரேச்சல் மெக்லிஷுக்கு. அப்புறம் 2003ல ஃபிகர் ஒலிம்பியா, 2010ல பிகினி, 2013ல பெண்கள் ஃபிசீக், 2021ல வெல்னஸ்னு பிரிவுங்க கூடிட்டே போச்சு. அவ்ளோ பெரிய தசை வேணாம், ஆனா மேடை ஏறணும்னு நினைச்ச சாதாரண வேலைக்கு போற பெண்களுக்கும் இதனால கதவு திறந்துச்சு, அது நல்ல விஷயம்தான். ஆனா எந்த பிரிவுலயும் ஜட்ஜுங்க பாக்குறதுல ஒண்ணு கண்டிஷனிங், அதாவது தோலுக்கு அடியில எவ்ளோ கொழுப்பு கம்மியா இருக்குங்கிறது. வேற விளையாட்டுல மெலிஞ்சு இருக்குறது ஓடவோ குதிக்கவோ உதவுற ஒரு வழி, இங்க அதுதான் மார்க்கே. அதனால டயட் கொஞ்சம் தளர்ந்தா பரவால்லன்னு சொல்ல இடமே இல்லாம போயிடுது.

சரி, நாலு மாசம் ப்ரெப் பண்ணா ஹார்மோன்ல என்னதான் ஆகுது? இதுக்கு நல்ல பதில் கொடுத்தது ஃபின்லாந்து. அங்க யுவாஸ்குலா பல்கலைக்கழகத்துல யுஹா ஹுல்மி குழு 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, போட்டிக்கு டயட் இருந்த 27 பெண்கள், டயட் இல்லாம ட்ரெயினிங் மட்டும் பண்ண 23 பெண்கள். நாலு மாசம் போல டயட்ல அந்த 27 பேரோட உடல் கொழுப்பு சராசரியா 23.1 சதவீதத்துல இருந்து 12.7க்கு இறங்குச்சு, எடை கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைஞ்சுது. சாப்பாட்ட குறைச்சது பெரும்பாலும் கார்ப்ல, கார்டியோவ ஏத்தினாங்க, புரோட்டீன விடல, வெயிட் தூக்குறதையும் விடல, அதனால தசை பெருசா கரையல. கோச் கண்ணால பாத்தா இது ரொம்ப அழகா பண்ண ப்ரெப். ஆனா ரத்தத்துல பாத்தா கொழுப்பு செல்லுல சுரக்குற லெப்டின் இறங்கியிருக்கு, தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கியிருக்கு, எஸ்ட்ரோஜென் வகையான எஸ்ட்ரடையால் இறங்கியிருக்கு, டெஸ்டோஸ்டிரோனும் இறங்கியிருக்கு, பீரியட்ஸ் தவறுறவங்க எண்ணிக்கை கூடியிருக்கு. அப்புறம் மூணு நாலு மாசம் நல்லா சாப்பிட்டு கார்டியோவ குறைச்சதுல எடையும் பெரும்பாலான ஹார்மோனும் பழைய அளவுக்கு வந்துடுச்சு, டி3யும் டெஸ்டோஸ்டிரோனும் மட்டும் இன்னும் முழுசா திரும்பல. எடை முழுக்க திரும்பின அப்புறமும் தைராய்டு மெதுவாத்தான் ஓடிட்டு இருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இது சராசரி. தனி ஆள எடுத்தா கதை இன்னும் கடுமையா இருக்கும். 2016ல அமெரிக்காவுல இருந்து ஒரு ஃபிகர் போட்டியாளர பத்தி ஒரு கேஸ் ஸ்டடி வந்துச்சு, ட்ரக்ஸ் எதுவும் எடுக்காதவங்க, 26 வயசு. 20 வாரம் ப்ரெப், அதுல கொழுப்பு 15.1ல இருந்து 8.6 சதவீதம். ப்ரெப் பாதி தாண்டும்போதே பீரியட்ஸ் நின்னுடுச்சு. ஷோவுக்கு அப்புறம் 20 வாரத்துல கொழுப்பு கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடுச்சு, ஆனா பீரியட்ஸ் திரும்ப வந்தது எப்போ தெரியுமா, ஷோ முடிஞ்சு 71 வாரம் கழிச்சு! ஒரு வருஷத்துக்கும் மேல. ஸ்டீராய்ட் எடுக்குறவங்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும்னு நினைக்கிறவங்க இத ரெண்டு தடவை படிக்கணும்.

இப்ப முக்கியமான கேள்வி. பீரியட்ஸ் நிக்க காரணம் கொழுப்பு குறைஞ்சதா, இல்ல வேற எதாவதா? ரொம்ப வருஷமா கொழுப்புதான்னு நம்பிட்டு இருந்தாங்க. 1974ல ரோஸ் ஃப்ரிஷ்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு கருத்த வச்சாங்க, ஒரு பொண்ணு வயசுக்கு வர குறைஞ்சது 17 சதவீதம் கொழுப்பு வேணும், அதுக்கப்புறம் மாசாமாசம் ஒழுங்கா வர 22 சதவீதம் வேணும்னு. கேக்க நல்லாதான் இருக்கு, ஜிம்முல இன்னிக்கும் இதோட மிச்சம்தான் சுத்திட்டு இருக்கு, "பதினஞ்சுக்கு கீழ போனா நின்னுடும்"னு. ஆனா அதே 12 சதவீதத்துல ஒருத்திக்கு நிக்குது இன்னொருத்திக்கு வருது, 20ல இருக்குறவளுக்கே நிக்குது, இத அந்த கணக்கு விளக்க முடியல.

அடுத்து வந்த வாதம், கடுமையான உடற்பயிற்சியோட ஸ்ட்ரெஸ்தான் காரணம்னு. ஓஹையோ பல்கலைக்கழகத்துல ஆன் லௌக்ஸ் இதை பிரிச்சு பாத்தாங்க. உடற்பயிற்சி பண்ற பெண்களுக்கு அதுல செலவான கலோரிய சாப்பாட்டுல திருப்பி கொடுத்தா சினைப்பைய தூண்டுற ஹார்மோன் விட்டு விட்டு சுரக்குற துடிப்பு கெடல, கொடுக்கலன்னாதான் கெடுது. அப்போ பிரச்சனை ஓடுறதுல இல்ல, ஓடினதுக்கு சாப்பிடாததுல இருக்கு. இதை இன்னும் தெளிவா காட்டினது நான்சி வில்லியம்ஸ், ஜூடி கேமரன் குழு குரங்குகள வச்சு பண்ணி 2001ல வெளியிட்ட ஆய்வு. எட்டு பெண் குரங்குகள ட்ரெட்மில்ல ஓட பழக்கினாங்க, தினமும் கூட்டிட்டே போனாங்க, சாப்பாடு மட்டும் கூட்டல. எட்டுக்கும் மாதவிலக்கு நின்னுடுச்சு. அப்புறம் அதுல நாலுக்கு ஓட்டத்தை துளியும் குறைக்காம சாப்பாட்ட மட்டும் கூட்டி கொடுத்தாங்க, நாலுக்குமே திரும்ப வந்துச்சு, யாரு அதிகம் சாப்பிட்டாங்களோ அவங்களுக்கு சீக்கிரம். இந்த விஷயத்துல நான் படிச்சதுலயே ரொம்ப நேர்மையான பரிசோதனை இதுதான்னு நினைக்கிறேன், சாக்கு சொல்ல இடமே விடல.

அங்கிருந்து வந்ததுதான் எனர்ஜி அவைலபிலிட்டிங்கிற கணக்கு. ஒரு நாளைக்கு சாப்பிட்ட கலோரில இருந்து ட்ரெயினிங்ல எரிச்ச கலோரிய கழிச்சு, மிச்சத்தை கொழுப்பு இல்லாத எடையால வகுக்கணும். இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன் எல்லாத்துக்கும் அந்த மிச்சம்தான் சம்பளம். 60 கிலோ எடை, 20 சதவீதம் கொழுப்புன்னு வச்சுக்கோங்க, கொழுப்பு இல்லாத எடை 48 கிலோ. அவங்க 1500 கலோரி சாப்பிட்டு, வெயிட்டும் கார்டியோவும் சேத்து 500 எரிச்சா மிச்சம் 1000, 48ஆல வகுத்தா கிட்டத்தட்ட 21. நல்ல நிலைன்னு சொல்றது 45. லௌக்ஸ் 2003ல வெளியிட்ட ஆய்வுல 29 இளம்பெண்கள 5 நாள் மட்டும் வேற வேற அளவுல வச்சு பாத்தப்போ, 30ல பெரிய பாதிப்பு தெரியல, 20லயும் 10லயும் சினைப்பைய தூண்டுற எல்ஹெச் ஹார்மோனோட துடிப்பு குறைஞ்சு போச்சு. அஞ்சே நாள்! அஞ்சு நாள்ல யாருக்கும் கொழுப்பு சதவீதம் சொல்லிக்கிற மாதிரி மாறாது, ஆனா மூளை ஏற்கனவே முடிவெடுத்தாச்சு. 1500 கலோரியும் ஒரு மணி நேர கார்டியோவும் ப்ரெப்ல ரொம்ப சாதாரணம், அதை விட கம்மியா சாப்பிடுறவங்களும் நிறைய. அதாவது ப்ரெப் ஷீட்ல எழுதி கொடுக்குற நம்பரே நேரா அந்த 20க்கு பக்கத்துலதான் கொண்டு போய் நிறுத்துது.

இந்த 30ங்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது, பின்னாடி வந்த ஆய்வுங்க இத சொல்லிடுச்சு, பற்றாக்குறை கூட கூட பாதிக்கப்படுற வாய்ப்பும் கூடிட்டே போகுது, அவ்ளோதான். ஒரு விஷயம் மட்டும் கோச்சுங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும்னு தோணுது. வயசுக்கு வந்து 5ல இருந்து 8 வருஷம் ஆன பெண்களுக்கு இந்த துடிப்பு சட்டுன்னு கெடுது, 14 வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு அதே அஞ்சு நாள் பற்றாக்குறைல கெடலன்னு லௌக்ஸே 2006ல காட்டினாங்க. 32 வயசு சீனியர் தாங்கின டயட்ட அப்படியே 19 வயசு பொண்ணு கைல கொடுக்குறது எவ்ளோ ஆபத்துன்னு யோசிச்சு பாருங்க.

மூளைக்குள்ள நடக்குறது இதுதான். ஹைப்போதலாமஸ் ஒரு தாளத்துல ஜிஎன்ஆர்ஹெச்சுங்கிற ஹார்மோன விட்டு விட்டு சுரக்கும், அது பிட்யூட்டரிய தட்டி எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் வர வைக்கும், அந்த ரெண்டும் சினைப்பைக்கு போய் முட்டை வளர வைக்கும், எஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்ட்ரோனும் அங்க இருந்துதான் வரும். மேல தாளம் மெதுவாச்சுன்னா கீழ எல்லாம் நின்னுடும். மேட்டூர்ல தண்ணி குறைஞ்சா குடிக்கிறதுக்கு மட்டும் விட்டுட்டு பாசனத்துக்கு நிறுத்துவாங்கல்ல, அதேதான், பிள்ளை பெத்துக்குற வேலை உயிர் பிழைக்க அவசியம் இல்ல, அதனால முதல்ல அத மூடிடும். தண்ணி எவ்ளோ இருக்குன்னு மூளைக்கு தகவல் சொல்றதுல பெரிய பங்கு லெப்டினுக்கு. கொழுப்பு செல்லுலதான் சுரக்குது, ஆனா கொழுப்பு கரையுறதுக்கு முன்னாடியே, சாப்பாடு குறைஞ்ச சில நாள்லயே லெப்டின் விழுந்துடும். 2004ல ஒரு சின்ன ஆய்வுல இப்படி பீரியட்ஸ் நின்ன 8 பெண்களுக்கு செயற்கை லெப்டின் ஊசி போட்டு பாத்தாங்க, மூணு பேருக்கு முட்டை வெளியாகுற சுழற்சியே திரும்ப வந்துச்சு. லெப்டின் எவ்ளோ முக்கியமான சிக்னல்னு அதுல தெரிஞ்சுது.

கூடவே மத்ததும் நடக்கும். டி3 குறையும், உடம்பு சூட்ட மிச்சம் புடிக்கும், அதான் ப்ரெப் கடைசில வெயில் காலத்துலயும் குளிருது, மலச்சிக்கல், முடி கொட்டுது, தூக்கம் வரல. கார்டிசோல் கூடும், பசிய தூண்டுற கிரெலின் கூடும். இந்த இடத்துல கொழுப்பு இறங்குறது மெதுவாகும், உடனே சிலர் டி3 மாத்திரைய கைல கொடுப்பாங்க. தயவு செஞ்சு வேணாம். உடம்பு போட்ட பிரேக்க பிடுங்கி எறியுற வேலை அது, தசையும் எலும்பும் சேந்து கரையும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். கடைசி வாரத்துல தண்ணிய நிறுத்துறது, உப்ப விளையாடுறது, டையூரிட்டிக் (சிறுநீர் அதிகமா போக வைக்கிற மாத்திரை) போடுறது எல்லாம் வேற வகை ஆபத்து, பொட்டாசியம் ஏறி இறங்கி உயிருக்கே வந்துடலாம், ஆனா ஹார்மோன் கெடுறது அந்த ஒரு வாரத்துல இல்ல, அதுக்கு முன்னாடி நாலு மாசத்துல.

பீரியட்ஸ் வரலன்னா தொல்லை விட்டுச்சுன்னு நினைக்கிறவங்களுக்காக எலும்பு பத்தி சொல்லியே ஆகணும். 1984ல பார்பரா ட்ரிங்க்வாட்டர் குழு, மாதவிலக்கு நின்ன 14 விளையாட்டு வீராங்கனைகள ஒழுங்கா வர்ற 14 பேரோட ஒப்பிட்டு பாத்தாங்க. சராசரி வயசு இருபத்தஞ்சு போல. நின்னவங்களோட முதுகெலும்பு அடர்த்தி 51 வயசு பெண்களுக்கு இருக்குற அளவுக்கு இருந்துச்சு. எஸ்ட்ரோஜென் எலும்ப கரையவிடாம காக்குற ஹார்மோன், அதுவும் இருபதுகள்லதான் எலும்பு தன்னோட உச்ச அடர்த்திய சேத்து முடிக்குது, அந்த வருஷத்துல விட்டத பின்னாடி முழுசா புடிக்கிறது கஷ்டம். வெயிட் தூக்குறதால ஃபிசீக் பெண்களுக்கு கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, உண்மைதான், ஆனா ஸ்குவாட் எஸ்ட்ரோஜெனோட இடத்தை நிரப்பாது. எல்டிஎல் கொலஸ்ட்ரால் கூட எஸ்ட்ரோஜென் குறைஞ்சா ஏறும், அவ்ளோ சுத்தமா சாப்பிட்டும் ரிப்போர்ட்ல ஏன் ஏறியிருக்குன்னு குழம்புறவங்க உண்டு.

இன்னொன்னு, ரத்தப்போக்கு நிக்குறது கடைசி அறிகுறி. அதுக்கு முன்னாடியே முட்டை வெளியாகாம போகும், புரோஜெஸ்ட்ரோன் சரியா வராது, ஆனா தேதிக்கு ப்ளீடிங் வந்துட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாது. கருத்தடை மாத்திரை எடுக்குறவங்களுக்கு இன்னும் மோசம், மாத்திரை நிறுத்துற வாரத்துல வர்ற ப்ளீடிங் மாத்திரையோட வேலை, உள்ள சினைப்பை என்ன நிலைமைல இருக்குன்னு அது சொல்லாது. அதே மாதிரி பீரியட்ஸ் நின்னதுக்கு சும்மா வர வைக்கிறதுக்காக இந்த மாத்திரைய கொடுக்க வேணாம்னு 2017ல ஹார்மோன் நிபுணர்களோட அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டி வழிகாட்டுதல்ல தெளிவா சொல்லியிருக்கு. பிரச்சனைய மறைக்குமே ஒழிய எலும்ப காப்பாத்தாது.

நம்ம ஊர்ல இதுல ஒரு தனி சிக்கல் இருக்கு. பீரியட்ஸ் வரலன்னாலே பிசிஓடின்னு முடிவு பண்ணிடுறாங்க. ஸ்கேன்ல சினைப்பைக்குள்ள சின்ன சின்ன முட்டைக் குமிழ் நிறைய தெரியுறது இந்த பட்டினி வகைலயும் வரும், அத மட்டும் வச்சு பிசிஓடின்னு எழுதிட்டா, அடுத்த அறிவுரை என்ன, கார்ப் குறை, எடைய குறை. ஏற்கனவே சாப்பாடு பத்தாம நின்னவளுக்கு இன்னும் சாப்பாட்ட குறைக்க சொல்றது! ரத்த டெஸ்ட்ல வித்தியாசம் தெரியும், பிசிஓடில பொதுவா ஆண் ஹார்மோன் கூடியிருக்கும், எல்ஹெச்சும் பல பேருக்கு கூடியிருக்கும், இந்த பட்டினி வகைல எல்ஹெச், எஸ்ட்ரடையால் ரெண்டும் அடியில கிடக்கும். அதனால டாக்டர் கிட்ட போகும்போது நான் போட்டிக்கு டயட் இருந்தேன், இவ்ளோ கிலோ இறக்கினேன், தினமும் இவ்ளோ கார்டியோன்னு முழுசா சொல்லிடுங்க, சொல்லாம அவங்களுக்கு எப்படி தெரியும்.

இனி ஷோ முடிஞ்ச அடுத்த நாள். என்னோட கருத்துல முழு ப்ரெப்லயும் கவனிக்காம விடுற இடம் இதுதான். லெப்டின் தரையில, கிரெலின் உச்சத்துல, டி3 மெதுவா, அப்படி ஒரு உடம்ப கோப்பையோட வீட்டுக்கு அனுப்பிட்டு கோச் அடுத்த க்ளையன்ட்ட பாக்க போயிடுறாரு. பசி அடங்காது, எடை வேகமா ஏறும், சில பேருக்கு பழைய எடைய தாண்டியும் போகும், கண்ணாடில பாத்து அழுதுட்டு திரும்ப டயட்ட ஆரம்பிப்பாங்க, பீரியட்ஸ் வர வேண்டிய நேரத்துல மறுபடி பட்டினி. மன உறுதி இல்லன்னு தன்னையே திட்டிக்கிற பெண்கள் எத்தனை பேர், அது ஹார்மோன்மா, உன் தப்பு இல்லன்னு யாராவது சொல்லணும். ஷோவுக்கு அப்புறம் குறைஞ்சது நாலு மாசத்துக்கு சாப்பாடும் கார்டியோ குறைப்பும் ப்ரெப் ஷீட்லயே எழுதி இருக்கணும், மேடை எடைய தக்க வச்சுக்கணும்ங்கிற ஆசைய முன்னாடியே பேசி விட்டுடணும். ஃபின்லாந்து பெண்களுக்கு பெரும்பாலானது திரும்பினதுக்கு காரணமே அவங்க நிஜமா சாப்பிட்டதுதான், எடை ஏற விட்டதுதான். அப்படி இருந்தும் டி3 முழுசா திரும்பலன்னு பாத்தோம்ல, அப்போ ரெண்டு மாசத்துல அடுத்த ஷோ, வருஷத்துக்கு மூணு ஷோன்னு போறவங்களுக்கு அது எப்போ திரும்பும்?

ப்ரெப்பையே கொஞ்சம் நிதானமா பண்ணலாம். வாரத்துக்கு உடல் எடைல அரை சதவீதம், அதிகபட்சம் ஒரு சதவீதம்னு இறக்குறது, அதுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே ஆரம்பிக்கிறது. நார்வேல 2011ல வந்த ஒரு ஆய்வுல, வாரத்துக்கு 0.7 சதவீதம் குறைச்ச விளையாட்டு வீரர்கள் தசைய கூட்டினாங்க, ரெண்டு மடங்கு வேகத்துல குறைச்சவங்களுக்கு அது கிடைக்கல. வேகமா போனா மேடைக்கும் லாபம் இல்ல. வெறும் வயித்துல கார்டியோ பண்ணிட்டு மதியம் வரை சாப்பிடாம இருக்குறதையும் விடலாம், மொத்த கலோரி ஒண்ணா இருந்தாலும் ஒரு நாளுக்குள்ளயே நீண்ட நேரம் பெரிய பற்றாக்குறைல இருக்குற எண்டூரன்ஸ் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற) விளையாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு கோளாறு அதிகமா இருந்ததா 2018ல ஒரு ஆய்வு காட்டுச்சு.

பீரியட்ஸ் தேதி, படுக்கைல இருந்து எழும்போது இதயத்துடிப்பு, தூக்கம், குளிர், இதையெல்லாம் எடையோட சேத்து வாராவாரம் எழுதி வைங்க, கோச் கேக்கலன்னாலும் நீங்களே காட்டுங்க. மூணு மாசம் வரலன்னாலோ, சுழற்சி 45 நாளுக்கு மேல இழுத்துட்டே போனாலோ டாக்டர்ட்ட போகணும், முதல்ல கர்ப்பம் இல்லன்னு பாத்துட்டு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடையால், ப்ரோலாக்டின், தைராய்டு எல்லாம் பாப்பாங்க. ஆறு மாசம் தாண்டிடுச்சுன்னா எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் நீங்களே கேட்டு எடுத்துக்கோங்க, அந்த ரிப்போர்ட் கைல வர்ற வரைக்கும் அடுத்த ஷோவுக்கு பேர் கொடுக்காதீங்க.